மூளிக் காதோடு பகலாட்டத்துக்கு

நாடகம் என்றால் எனக்குப் பிடிக்காது. ஹார்மோனியச் சத்தம் கேட்கிற திசைக்கே போக மாட்டேன். கல்யாண வீட்டில் யாராவது அந்தக் காலத்து மேடைப் பாட்டை எடுத்து இழுக்க ஆரம்பித்தால், எழுந்து பந்தி நடக்கிற பக்கமாகப் போய்விடுவேன். "அத்தைக்குச் சங்கீத ஞானம் கிடையாது" என்று என் மருமகள் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். இல்லாமலே போகட்டும். சங்கீத ஞானம் வழிந்த ஒரு மனிதரோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள் நான். அந்த ஞானம் அந்த வீட்டை என்ன செய்தது என்பதும் எனக்குத்தான் தெரியும்.

அந்த மனிதர் என் அப்பா. மதுரையில் தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் பாத்திரக் கடை வைத்திருந்தார். கடை சின்னது, பேச்சு பெரியது. தவலை வாங்க வருகிறவர்கள் ஓட்டை இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு அது எந்தச் சுருதியில் பேசுகிறது என்று சொல்வார். எந்த ஊரில் எந்த ராஜபார்ட்டுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, எந்தக் கம்பெனியில் யாருக்கும் யாருக்கும் தகராறு என்பதெல்லாம் விரல் நுனியில் இருந்தது. வீட்டில் எண்ணெய் தீர்ந்தது மட்டும் அவருக்குத் தெரியாது.

அம்மா மேற்கே கரிசல் காட்டுக்காரி. உசிலம்பட்டி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிய ஊர். அவள் பிறந்த வீட்டில் எல்லாருமே பருத்தியும் சோளமும் போடுகிற சம்சாரிகள். அந்தப் பக்கத்துப் பெண்களுக்குக் கைக்குழந்தையாக இருக்கும்போதே காது குத்தி, ஓட்டையில் பஞ்சைத் திணித்து, அப்புறம் ஈய வளையத்தைப் போட்டுக் காதை வளர்ப்பார்கள். காது மடல் கயிறு மாதிரி இறங்கித் தோளைத் தொட வேண்டும். அப்போதுதான் பெண் லட்சணமாக இருக்கிறாள் என்று பேர். அந்த வளர்ந்த காதில் போடுவது தண்டட்டி. மேலே தங்கத் தகடு, உள்ளே அரக்கு. கல்யாணத்துக்கு அம்மாவைப் பெற்ற அய்யா உழவு மாட்டை விற்றுப் போட்ட தண்டட்டி அவள் காதில் கிடந்தது. அவள் குனிந்து மாவாட்டும்போது அது கன்னத்தில் வந்து வந்து மோதும். வேறு நகை என்று சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. மூக்குத்தி கூடக் கல் இல்லாத வெறும் பொட்டுதான்.

அப்பாவுக்கு அந்தத் தண்டட்டியைக் கண்டால் ஆகாது. டவுன் பெண்கள் எல்லாரும் கல் தோட்டுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. வளர்ந்த காதை அறுத்துத் தைத்து ஒட்டுப் போட்டுவிடுகிற ஆட்களும் ஊரில் வந்துவிட்டார்கள். அப்பா சாப்பிட உட்காருகிற போதெல்லாம் இதே பேச்சு.

"இன்னும் எம்புட்டுக் காலத்துக்கு இந்தப் பட்டிக்காட்டுத் தொங்கலை ஆட்டிக்கிட்டே நிப்ப? உன்னையக் கூட்டிக்கிட்டு ஒரு எடத்துக்குப் போக முடியுதா?"

"எங்கயும் கூட்டிட்டுப் போங்கன்னு நான் கேக்கலையே" என்பாள் அம்மா.

அத்தை விடமாட்டாள். அத்தை என்றால் அப்பாவுடன் பிறந்த அக்கா. புருஷனைப் பறிகொடுத்துவிட்டு எங்கள் வீட்டோடு வந்து இருந்தாள். தம்பி வாயிலிருந்து எது விழுந்தாலும் அதற்குத் தாளம் போடுவதே அவள் வேலை. "எந்தம்பி ஆசைப்பட்டுத்தான சொல்லுது? அதை உருக்குனா உனக்குத் தோடும் ஆச்சு, மிஞ்சுனதுல பிள்ளைக்கு ஒரு சங்கிலியும் ஆச்சு. வயசுக்கு வரப்போற பிள்ளை வெறுங்கழுத்தோட நிக்கிறது உனக்கு நல்லா இருக்கா?" என்றாள்.

அந்தச் சங்கிலியில்தான் அம்மா விழுந்தாள். எனக்கு வேண்டுமென்று நான் கேட்கவே இல்லை. ஆனால் என்னைக் காட்டித்தான் அவள் காதிலிருந்ததைக் கழற்றினார்கள். கழற்றிக் கொடுத்த அன்றைக்கு அம்மா ஒரே ஒரு பிடிவாதம் பிடித்தாள். புதுத் தோட்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான் காதை அறுத்துத் தைக்க விடுவேன் என்றாள். அதுவரைக்கும் மடல் இரண்டும் வெறுமையாகத் தொங்கட்டும் என்றாள். வெறும் மடலை எங்கள் பக்கத்தில் மூளிக் காது என்பார்கள். புருஷன் இல்லாதவளுக்குத்தான் அப்படி இருக்கும். சுமங்கலிப் பெண் அப்படி வாசலில் நிற்க மாட்டாள்.

தண்டட்டி, நகை செய்கிற ஆசாரி வீட்டுக்குப் போனது. தோடு வரவில்லை. தண்ணீர் எடுக்கப் போகும்போதும் அம்மா முந்தானையைத் தலையோடு சுற்றிக்கொண்டு போனாள். கேட்டபோதெல்லாம் அப்பா, "வேலை நடக்குது, நல்ல கல்லு வரணும்ல" என்றார். ஒரு நாள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ஆசாரி வீட்டுக்கே போய்விட்டாள். அவர் உலைக்கு முன்னால் குனிந்து ஊதிக்கொண்டிருந்தார். "ஆயிருச்சு தாயி. மெருகு போடணும். அண்ணன்கிட்டயே சேத்துருவேன்" என்றார். முகத்தை நிமிர்த்தவே இல்லை. அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அந்தக் கம்பெனி மதுரைக்கு வந்து கொட்டகை போட்டது. தகரக் கூரை, சுற்றிலும் கீற்றுத் தட்டி. கொட்டு வண்டி தெருத் தெருவாகப் போய் நோட்டீஸ் வீசியது. பேசும்படம் வந்து நாடகக்காரர்கள் வயிற்றில் அடித்துக்கொண்டிருந்த நேரம், அதனால் இந்தக் கம்பெனி ஒரு புதுமை வைத்திருந்தது. பையனுக்குச் சேலை கட்டிவிடாமல், ஸ்திரீபார்ட்டுக்கு ஒரு நிஜப் பெண்ணையே போட்டிருந்தார்கள். அவள் பாட்டுக்கு ஊரே கிறங்குகிறது என்று அப்பா சொன்னார். ஊர் எப்படியோ, அவர் கிறங்கினார். கடையைச் சீக்கிரம் கட்டிவிட்டுத் தினமும் போனார். வீட்டுக்கு வந்து அத்தைக்கு அந்தப் பாட்டுகளைப் பாடிக் காட்டினார். அவர் குரல் என்னவோ வெண்கலத் தவலையை இழுத்துக்கொண்டு போகிற மாதிரிதான் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு வருகிறவர்களுக்கென்று பகலாட்டம் வைத்தார்கள். அப்பா காலையிலேயே எல்லாரையும் கிளம்பச் சொன்னார். எங்களை எங்கும் கூட்டிப் போகாத மனிதர், சித்திரைத் திருவிழாவுக்கே "கூட்டமா இருக்கு, அப்புறம் பாக்கலாம்" என்று தள்ளுகிறவர், நாடகத்துக்குக் கிளம்பச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருக்காதா? நான் பாவாடையை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றேன். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

"மூளிக் காதோட நாலு பேரு கூடுற எடத்துக்கு எப்பிடி வாரது? நீங்க போயிட்டு வாங்க" என்றாள்.

"உனக்காகத்தான் சொல்றேன். இன்னைக்கு நீ வரணும். முக்காடு போட்டுக்க" என்றார் அப்பா. ஏன் இன்றைக்கு என்று சொல்லவில்லை. அவர் முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது. தோடு வந்துவிட்டது, கொட்டகையில் வைத்துக் கொடுக்கப் போகிறார் என்றே நான் நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளம்பியிருக்க மாட்டாள்.

பக்கத்து வீட்டில் ஒரு ராவுத்தர் குடும்பம் இருந்தது. வெளியே பேச்சுச் சத்தம் கேட்டு அந்த வீட்டம்மா தன்னுடைய வெள்ளைத் துப்பட்டியைக் கொண்டுவந்தாள். "இதைப் போத்திக்கிட்டுப் போ தங்கச்சி. அல்லா பேரால சொல்றேன், ஒருத்தர் கண்ணுலயும் படாது" என்றாள். அம்மா கையை நீட்டினாள். அத்தை நடுவில் வந்து, "நம்ம சாதிக்கு இது என்ன புதுப் பழக்கம்?" என்று துப்பட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்த வீட்டம்மா முகம் சுண்டிப்போய்த் திரும்பிப் போனாள். எனக்கு அத்தையின் காலைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது. கடைசியில் அம்மா முந்தானையைத் தலையைச் சுற்றிக் கொண்டுவந்து இரண்டு பக்கமும் கொண்டை ஊசி குத்தச் சொன்னாள். நான்தான் குத்திவிட்டேன். மடல் மறைந்தது, ஆனால் கழுத்தைத் திருப்ப முடியாமல் ஆகிவிட்டது.

கொட்டகைக்குக் குதிரை வண்டியில் போனோம். அப்பா இஸ்திரி போட்ட ஜிப்பா, ஜரிகை அங்கவஸ்திரம், செண்டு வாசனை. வழியில் இறங்கி ஒரு பெரிய பொட்டலம் அல்வா வாங்கினார். கம்பெனிக்காரர்களுக்காம். எங்களுக்கு வறுத்த கடலை.

பெண்களுக்குத் தனி வாசல், தரையில் மணல், ஆண்கள் பக்கத்திலிருந்து பிரிக்க நடுவில் இடுப்பளவு கீற்றுத் தட்டி. பகல் நேரமானதால் கீற்று இடுக்கு வழியாக எங்கும் வெயில் விழுந்தது. தகரக் கூரை தகித்தது. அப்பா எங்களை வாசலில் விட்டுவிட்டு முன்வரிசை நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் பெஞ்சில் ஆசாரி இருந்தார். அம்மா அவரைப் பார்த்துவிட்டாள். அவரும் அம்மாவைப் பார்த்துவிட்டு, மேல் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எங்களுக்குப் பக்கத்தில் மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். கட்டுச்சோற்றை அவிழ்த்து எனக்கும் ஒரு உருண்டை கொடுத்தாள். அவள் காதில் கனமான தண்டட்டி. பேச்சும் அப்படியே கனம். வயக்காட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கூப்பிட்டே பழகிய குரல். அவள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோடா விற்கிறவனுக்கு வழிவிட அம்மா குனிந்தபோது ஒரு ஊசி நழுவி, முந்தானை விலகிவிட்டது.

"ஏத்தா, என்ன இது? காது மூளியா இருக்கு? வீட்டுக்காரரு இல்லையா?" என்று கேட்டாள். குரலைத் தாழ்த்தத் தெரியாதவள். முன்னால் இருந்த நாலைந்து தலைகள் திரும்பின.

அம்மா முந்தானையை இழுத்துப் பிடித்தாள். கழுத்துவரைக்கும் வியர்த்துவிட்டது. அத்தைதான் பதில் சொன்னாள்: "அதெல்லாம் கல்லு மாதிரி இருக்காரு. அந்தா நாக்காலியில இருக்காரு பாருங்க, அவருதான். தோடு செய்யக் குடுத்திருக்கு."

"தோடு செய்யக் குடுத்தா, அது வாரவரைக்கும் ஒரு குச்சியாவது சொருகிக்கிறக் கூடாதா? நல்ல கூத்துதான்" என்று அந்த அம்மாள் திரும்பிக்கொண்டாள்.

நாடகம் ஆரம்பித்தது. கதை என்று ஒன்று இருந்ததாகவே எனக்கு நினைவில்லை. ராஜா வேட்டைக்குப் போகிறான், திரும்பி வரவில்லை. ராணி பாடுகிறாள். தோழி "அழாதீர்கள் அம்மா" என்கிறாள். ராணி அதற்கும் ஒரு பாட்டுப் பாடுகிறாள். கோமாளி வந்து வெள்ளைக்காரத் துரை மாதிரித் தொப்பி போட்டு ஆடுகிறான். ராஜா காட்டில் என்ன ஆனான் என்று யாருக்கும் கவலை இல்லை. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் ஆண்கள் பக்கத்திலிருந்து "வன்ஸ்மோர்" என்று கூச்சல். உடனே ஹார்மோனியக்காரர் தொடையைத் தட்டிக்கொண்டு மறுபடியும் எடுப்பார். அப்பா எல்லாருக்கும் முந்திக் கத்தினார். அவள் நன்றாகத்தான் பாடினாள், அதை நான் மறுக்கவில்லை. அதற்காக அவளைக் கும்பிட வேண்டுமா?

ஒரு பெரிய பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்வதற்குள், கோட்டுப் போட்ட மேனேஜர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். அந்தக் காலத்தில் மெடல் குத்துவது என்று ஒரு வழக்கம் இருந்தது. பணமுள்ள ரசிகர்கள் ஆட்டத்தின் நடுவிலேயே மேடை ஏறி, நடிக்கிறவர்களுக்குத் தங்கத்திலோ வெள்ளியிலோ மெடல் குத்துவார்கள். யார் குத்தியது என்று மேடையிலேயே பேர் சொல்லுவார்கள். மறுநாள் கடைவீதி முழுவதும் அதுதான் பேச்சு. பெரிய ஜவுளிக் கடைக்காரர்களும் மில்லுக்குப் பருத்தி கட்டுகிறவர்களும் செய்கிற காரியம். பாத்திரக் கடைக்காரர் செய்கிறது இல்லை.

மேனேஜர் அப்பாவின் பேரையும் கடையின் பேரையும் ராகம் போட்டுச் சொன்னார். சங்கீத உலகத்தின் புரவலர் என்றார். சொக்கத் தங்கத்தில் செய்த மெடல் என்றார். அப்பா அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு மேடையில் ஏறினார். ஒரு தட்டில் சிவப்புப் பட்டுத் துணி, அதன்மேல் மெடல். வெயிலில் அது மின்னியது எங்கள் பக்கத்துக்கே தெரிந்தது. ராணி வேஷக்காரி ஒரு பக்கத்துத் தோளைக் காட்டி நின்றாள். அப்பா அதைக் குத்தினார்.

அவர் எங்களை ஏன் கூட்டி வந்தார் என்று அப்போதுதான் விளங்கியது. தான் மேடை ஏறுவதை நாங்கள் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அந்தத் தங்கம் எங்கிருந்து வந்தது என்று அம்மா கண்டுபிடிப்பாள் என அவர் நினைக்கவே இல்லை. கண்டுபிடித்தாலும் என்ன செய்துவிடுவாள் என்று நினைத்திருப்பார். தன் பெண்டாட்டியைப் பற்றி ஒரு மனிதருக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

அம்மா மேடையைப் பார்க்கவில்லை. ஆசாரியைப் பார்த்தாள். அவர் தலையைத் தொங்கப் போட்டிருந்தார். அம்மா எழுந்து நின்றாள். மிச்சமிருந்த கொண்டை ஊசியையும் பிடுங்கிக் கீழே போட்டாள். முந்தானையைத் தலையிலிருந்து எடுத்துத் தோளில் போட்டாள். இரண்டு மடலும் அந்த வெயிலில், எல்லாப் பெண்களும் பார்க்க, ஒன்றுமில்லாமல் தொங்கின.

"நீங்க கேட்டீகளே, என் காது ஏன் மூளியா இருக்குன்னு" என்றாள் மேலூர் அம்மாளைப் பார்த்து. அம்மா அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதே இல்லை. "அந்தா, அங்க குத்திக்கிட்டு நிக்கிறாரு பாருங்க. அதுதான் என் காதுல கெடந்தது."

அத்தை அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருடி, மானத்தை வாங்காத" என்றாள். அம்மா உட்காரவில்லை.

மேலூர் அம்மாளுக்குப் புரிய ஒரு நொடிதான் ஆனது. அவளும் எழுந்துவிட்டாள். "அடப் பாவி மனுசா! பொண்டாட்டி காதை மூளியாக்கிப்பிட்டு, அதைக் கொண்டாந்து இவளுக்குக் குத்துறியா?" என்று ஒரு சத்தம் போட்டாள். தட்டி என்ன, கொட்டகைக்கு வெளியே சுண்டல் விற்கிறவனுக்கும் கேட்டிருக்கும். பெண்கள் பக்கம் மொத்தமும் எழுந்து நின்று அம்மாவையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்தது. ஒருத்தி காறித் துப்பினாள். இன்னொருத்தி மணலை அள்ளி மேடைப் பக்கம் தூற்றினாள். விஷயம் தட்டியைத் தாண்டி ஆண்கள் பக்கம் போய், தரை டிக்கெட்டில் முதலில் சிரிப்புக் கிளம்பியது.

அப்பாவுக்கு மேடையில் ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை. கூட்டம் எழுந்து நிற்பதையும் ஆரவாரத்தையும் பார்த்துத் தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டார். முகமெல்லாம் மலர்ந்து, இரண்டு கையையும் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

தரையிலிருந்து எவனோ ஒருவன் "வன்ஸ்மோர்" என்றான்.

கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. இன்றைக்கும் இனிக்கிறது. மேனேஜர் அப்பாவின் காதில் எதையோ சொல்லி அவரை மேடையிலிருந்து இறக்கினார். ராணி வேஷக்காரி மட்டும் நின்ற இடத்திலேயே நின்று, எங்கள் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹார்மோனியக்காரர் அவசரமாக அடுத்த பாட்டை எடுத்தார். அவள் பாடவில்லை. திரையை விட்டுவிட்டார்கள்.

நாங்கள் வீட்டுக்கு வந்த வண்டியில் அப்பா வரவில்லை. விளக்கு வைத்த பிறகுதான் வந்தார். வந்ததும் கத்தினார். இந்த ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாமல் செய்துவிட்டாள் என்றார். அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே அவருக்கு விசிறினாள்.

"நான் ஒண்ணும் பொய் சொல்லலையே" என்றாள் அம்மா. "தோடு எங்க?"

"செய்வேன்டி. செய்ய மாட்டேன்னா சொன்னேன்? கடையில வியாபாரம் ஆனதும் செய்வேன்."

"எனக்கு வியாபாரத் தோடு வேண்டாம். எங்கய்யா போட்டது வேணும். போயி வாங்கிட்டு வாங்க."

அவர் போகவில்லை. போக வேண்டிய அவசியமே இல்லாமல் அது தானாக வந்தது. இதைச் சொல்லும்போதுதான் எனக்கு இன்னும் ரத்தம் கொதிக்கிறது.

மறுநாள் மத்தியானம் நான் அப்பாவுக்குத் தூக்குச்சட்டியில் சோறு கொண்டு போயிருந்தேன். கடையில் கூட்டம் இருந்தது. நிறையப் பேர் வாங்க வந்தவர்கள் இல்லை, நேற்றுக் கும்பிட்ட மனிதர் எப்படி இருக்கிறார் என்று பார்க்க வந்தவர்கள். அப்போது அந்த மேனேஜர் வந்தார். கோட்டு இல்லை, சாதாரண வேட்டி. ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, அதன்மேல் சிவப்புத் துணியில் மெடல்.

"அண்ணே, தப்பா எடுத்துக்கிறக் கூடாது. எங்க அம்மா குடுத்து விட்டாங்க. ஒரு பொம்பளை காதுல கெடந்ததை உருக்குனதுன்னா அது எனக்கு வேண்டாம், அந்த அம்மாகிட்டயே சேத்துருங்கன்னு சொல்லிட்டாங்க. பொம்பளைங்க டிக்கெட்டும் இன்னைக்கு ஒண்ணுகூடப் போகலண்ணே" என்றார்.

அம்மா என்று அவர் சொன்னது அந்த ராணி வேஷக்காரியை. நேற்றிலிருந்து அவளை மனசுக்குள் எத்தனையோ விதமாகத் திட்டித் தீர்த்திருந்தேன். இனிமேல் அவளைத் திட்டவும் வழியில்லாமல் போனது.

தட்டு அப்பாவுக்கு நேராக நீட்டியபடி இருந்தது. அவர் கையை நீட்டினால் போதும். ஒரு முழத் தூரம். கடையில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அப்பா சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். தட்டைப் பார்க்கவில்லை, முகங்களைப் பார்த்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"குடுத்ததைக் கைநீட்டித் திரும்ப வாங்குற பழக்கம் எங்க பரம்பரைக்கே கெடையாது" என்றார்.

பரம்பரை! அவருடைய அய்யா பழைய பித்தளைக்குப் புதுப் பாத்திரம் என்று தெருத் தெருவாகக் கூவி, கூடையைத் தலையில் சுமந்து விற்றவர்.

"அப்பா, வாங்கிக்கங்கப்பா. அது அம்மாவோடது" என்றேன். கடையில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

"சின்னப் பிள்ளைக்கு இங்க என்ன பேச்சு? சட்டியை வச்சிட்டு வீட்டுக்குப் போ" என்றார். மேனேஜரைப் பார்த்துச் சிரித்து, "அந்த அம்மாவுக்கு வேண்டாம்னா கம்பெனிக்கு இருக்கட்டும். அடுத்த ஊருல நல்லாப் பாடுற யாருக்காச்சும் குத்துங்க" என்றார்.

மேனேஜர் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். அப்புறம் தட்டை இழுத்துக்கொண்டார். தங்கத்தை வேண்டாமென்றால் எடுத்துப் போகக் கசக்குமா? வந்ததைவிட வேகமாகப் போனார். கூட்டத்தில் ஒருவர், "ஆயிரம் சொல்லு மாப்ள, முதலாளி முதலாளிதான்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அப்பாவுக்கு அதுதான் வேண்டியிருந்தது. அந்த ஒரு வார்த்தைக்கு அம்மாவின் தண்டட்டி போனது.

வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் முறத்தில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். மேடையில் கொடுத்தது நாடகப் பைத்தியத்தில் என்று அதுவரை கொஞ்சம் சமாதானம் வைத்திருந்தாளோ என்னவோ. "கைக்கு வந்ததையா?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் புடைத்ததையே மறுபடி மறுபடி புடைத்துக்கொண்டிருந்தாள்.

அம்மா பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. அண்ணன்களைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைக்கவில்லை. சமைத்தாள், துவைத்தாள், அப்பாவுக்கு இலை போட்டாள். ஆனால் "இன்னும் கொஞ்சம் போடட்டுமா" என்று அதற்கப்புறம் அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை. முதலில் வைத்ததோடு சரி. அவருக்கு வேண்டுமென்றால் அவர் வாய்விட்டுக் கேட்க வேண்டும். பத்துப் பேருக்கு முன்னால் ராஜா மாதிரி நடந்த மனிதர் வீட்டில் ரெண்டாம் தடவை சோறு கேட்கக் கூச்சப்பட்டு, பாதி வயிற்றோடு எழுந்து போவார். அத்தை ஓடிவந்து போட்டால், "எனக்கு வேண்டாங்க்கா" என்பார்.

முந்தானையால் காதை மூடுவதையும் அம்மா விட்டுவிட்டாள். கொண்டையைத் தூக்கிக் கட்டினாள். கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் அந்த மூளிக் காதோடுதான் போனாள். கேட்டவர்களுக்கெல்லாம் ஒளிவு மறைவு இல்லாமல் பதில் சொன்னாள். கொஞ்ச காலம் கழித்து அப்பா நிஜமாகவே ஒரு கல் தோடு செய்துகொண்டு வந்து அவள் முன்னால் வைத்தார். அவள் அதைத் தொடவில்லை. வைத்த இடத்திலேயே கிடந்தது. பெருக்கும்போது அதைச் சுற்றிப் பெருக்கினாள். கடைசியில் அத்தைதான் எடுத்துப் பெட்டியில் போட்டாள். காதை அறுத்துத் தைக்கவும் அம்மா சம்மதிக்கவில்லை.

இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில் அப்பா செத்தார். பித்தளை கிடைக்காமல் கடை படுத்துவிட்டது, அவரும் படுத்துவிட்டார். எனக்கு அப்போது கல்யாணமாகி இருந்தது. அழுகை வரவில்லை என்று சொன்னால் என்னைக் கல் என்பீர்கள். வந்தது. வந்த அழுகையில் பாதி கோபம்.

காரியத்தன்று பெண்கள் எல்லாரும் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். தாலி கட்டியவன் போனால் எங்கள் பக்கத்தில் பெண் உடம்பில் கிடப்பதை ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். வீட்டுக்குப் பெரியவள் என்று அத்தைதான் அதைச் செய்தாள். பூவை எடுத்தாள். வளையலை உடைத்தாள். தாலியைக் கழற்றிப் பாலில் போட்டாள். மூக்குத்திப் பொட்டைத் திருகி எடுத்தாள். அழுதுகொண்டே, பழக்கத்தில், கை காதுக்குப் போனது. மடலைப் பிடித்துத் தடவிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றது.

அதுவரைக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் உட்கார்ந்திருந்த அம்மா, அத்தையின் கையை மெதுவாக விலக்கிவிட்டாள்.

"அங்க ஒண்ணும் இல்ல மதினி. அதை உங்க தம்பி உசுரோட இருக்கையிலேயே கழட்டிட்டாரு."